நல்ல அளவீடு எது? விண்வெளி லிடார் விதான உயரத் தரவுகளில் இடப்பிழையும் தர வடிகட்டலும்

ஆய்வுச் சுருக்கம்

பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து இயங்கும் ஜெடி லிடார் கருவியின் விதான உயரத் தரவுகளைக் கையாளும் ஆய்வுகள், தரக்குறிகளைக் கொண்டு அளவீடுகளை வடிகட்டிய பின்னரே பகுப்பாய்வைத் தொடங்குகின்றன. அவ்வடிகட்டல் பிழை களையும் முன்பணி மட்டுமன்று. எந்தக் காடு ஆய்வுக்குள் வரும், எந்தக் காடு வெளியே நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் மாதிரித் தேர்வும் ஆகும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. இடப்பிழையைத் தரக்குறி காண்பதில்லை என்பதும், செங்குத்தான சரிவுகளிலும் துண்டுபட்ட காடுகளிலும் இவ்விரு சிக்கல்களும் ஒன்றையொன்று பெருக்குகின்றன என்பதும் உலக அளவிலான இரு வரைபடங்களையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளையும் முன்வைத்து ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: லிடார், விதான உயரம், இடப்பிழை, தரக்குறி, உணர்திறன், சோலைக்காடு

முன்னுரை

ஜெடி கருவி 2018 டிசம்பர் 5 அன்று ஏவப்பட்டு, பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் ஜப்பானியக் கூடத்தின் வெளிமேடையில் பொருத்தப்பட்டது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் துபையா தலைமையில், நாசாவின் காடார்டு விண்வெளி மையத்தின் துணையுடன் உருவான இக்கருவியின் தரவுகள் 2019 ஏப்ரல் முதல் கிடைக்கின்றன. இடையில் 2023 மார்ச் முதல் ஏறத்தாழ ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்டு, 2024 ஏப்ரலில் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டது. நிலையத்தின் சுற்றுப்பாதை காரணமாக வடக்கிலும் தெற்கிலும் 51.6 பாகை அகலாங்கு வரையுள்ள நிலப்பரப்பு மட்டுமே இதன் பார்வைக்கு உட்படும். தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்தும் அதற்குள் அடங்குகின்றன.

கருவி செயல்படும் முறையைச் சுருக்கமாகக் கூறிவிடுதல் நன்று. 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள மூன்று லேசர்கள் எட்டுத் தடவரிசைகளை நிலத்தின்மேல் இடுகின்றன. ஒவ்வொரு துடிப்பும் சுமார் 25 மீட்டர் விட்டமுள்ள ஓர் ஒளித்தடமாக விழும். பறக்கும் திசையில் 60 மீட்டருக்கு ஒரு தடம், குறுக்குத் திசையில் 600 மீட்டருக்கு ஒரு வரிசை என்பது அமைப்பு. திரும்பிவரும் ஒளியாற்றல் உச்சி இலைகளிலிருந்து தரை வரை ஓர் அலைவடிவமாகப் பதிவாகிறது. அதன் கடைசி முகட்டைத் தரை என்று கொண்டு, அங்கிருந்து மேல்நோக்கி ஆற்றலின் 98 விழுக்காடு குவியும் உயரத்தை விதான உயரம் என்று வழங்குகின்றனர். எனவே தரையைத் தவறாகக் கண்டால் உயரமும் தவறும்.

இத்தரவைப் பயன்படுத்தும் ஆய்வேடுகளின் முறையியல் இயலில் ஒரே வாக்கியம் ஏறத்தாழ மாறாமல் இடம்பெறுவதைக் காணலாம்: தரக்குறி 1 ஆகவும், நலிவுக்குறி 0 ஆகவும், உணர்திறன் 0.9-க்கு மேலாகவும் உள்ள தடங்கள் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவ்வாக்கியத்தின் பின் ஆய்வாளர் நேரே முடிவுகளுக்குச் சென்றுவிடுகிறார். எத்தனை தடங்கள் நீங்கின, அவை எங்கே கிடந்தன, எஞ்சியவை எந்தக் காட்டைக் குறிக்கின்றன என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. இக்கட்டுரையின் திறனாய்வு அந்த ஒற்றை வாக்கியத்தின் மீதானது.

இடம் பிசகும் அளவு

ஒளித்தடம் எங்கே விழுந்தது என்பதை யாரும் நேரில் காண்பதில்லை, அது கணக்கிடப்படுகிறது. நிலையத்தின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழி இடங்காட்டியும், கருவி நோக்கும் திசையை விண்மீன் நோக்கிகளும் தருகின்றன. நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அவ்வுயரத்தில் ஒரு விகலை, அதாவது பாகையின் 3600-இல் ஒரு பங்கு, திசை பிசகினால் தரையில் ஏறத்தாழ 1.9 மீட்டர் பிசகும். ஐந்து விகலை போதும், தடம் 10 மீட்டர் நகர்ந்துவிடும். மனிதர் வாழும், கலங்கள் வந்திணையும், சூரியத் தகடுகள் சுழலும் ஒரு பெருங்கட்டமைப்பின் மீது இக்கருவி அமர்ந்திருப்பதை நினைத்தால், பிழை இவ்வளவு குறைவாக இருப்பதே வியப்பு.

முதற்பதிப்புத் தரவில் கிடைமட்ட இடப்பிழை 20 மீட்டரை ஒட்டி இருந்தது. 2021-இல் வெளியான இரண்டாம் பதிப்பில் அது ஒரு சிக்மா அளவில் சுமார் 10 மீட்டராகக் குறைந்தது. முன்னேற்றம் பெரிதுதான். ஆயினும் ஒரு சிக்மா என்பது எல்லைக்கோடு அன்று. அதற்கு அப்பாலும் கணிசமான தடங்கள் விழும். 10 மீட்டர் என்பதைத் தடத்தின் அளவோடு ஒப்பிட்டுத்தான் பொருள்கொள்ள வேண்டும். 25 மீட்டர் விட்டமுள்ள இரு வட்டங்களை 10 மீட்டர் தள்ளி வைத்தால் அவற்றுக்குப் பொதுவான பரப்பு பாதியளவே எஞ்சும். 20 மீட்டர் தள்ளினால் பத்தில் ஒரு பங்குதான் பொது. ஒளியாற்றல் தடத்தின் நடுவில் செறிந்திருப்பதால் இவ்வட்டக் கணக்கு ஓர் எளிமைப்படுத்தலே. எனினும், முதற்பதிப்பைக் கொண்டு செய்த களப்பகுதி ஒப்பீடு பெரும்பாலும் வேறொரு நிலத்துண்டோடு செய்த ஒப்பீடாக இருந்திருக்கக்கூடும் என்பதை அது தெளிவாக்குகிறது. 2003 முதல் 2009 வரை இயங்கிய ஐஸ்சாட் கருவியின் தடம் 60, 70 மீட்டர் அகலம் கொண்டது. அங்கே சில மீட்டர் பிசகு பெரிதாகத் தெரியவில்லை. தடம் சிறுத்தபோதுதான் பிசகு பெருத்தது.

இங்கே கருவியை உருவாக்கியோர் பக்கம் நின்றும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெடி திட்டத்தின் உயிர்த்திணிவு இலக்கு 1 கிலோமீட்டர் கட்டங்களுக்கானது. அவ்வளவு பரப்பில் பல தடங்களைச் சராசரியாக்கும்போது 10 மீட்டர் பிசகு பெரிதும் கரைந்துவிடும். ஒவ்வொரு தடத்தையும் ஒரு லாண்ட்சாட் படப்புள்ளியோடும், பின்னர் ஒரு சென்டினல் படப்புள்ளியோடும் ஒட்டவைக்கும் ஆசை பயனாளருடையது. கருவி வாக்களிக்காத ஒன்றைக் கருவியிடம் கேட்கிறோம் என்னும் உணர்வோடுதான் கேட்க வேண்டும்.

இடப்பிழையின் இயல்பு பற்றி இன்னொரு செய்தி, ஆய்வேடுகளில் பெரிதும் விடுபடுவது. ஒரு சுற்றுப்பாதைத் துண்டில் அடுத்தடுத்து விழும் தடங்கள் தனித்தனியே மனம்போனபடி நகர்வதில்லை. பெரும்பாலும் ஒரே திசையில், ஒரே அளவில், கூட்டாக நகர்கின்றன. இதனால் ஒரு நன்மை உண்டு: துல்லியமான வான்வழி லிடாரோ நிலவுயர மாதிரியோ இருந்தால், முழு வரிசையையும் அதன்மீது நகர்த்திப் பொருத்தி, பிசகைக் கண்டு திருத்தலாம். ஸ்டீவன் ஹான்காக்கும் உடனாய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஜெடி உருவகி இதற்கு அடித்தளம் இட்டது. பிரான்ஸ் நாட்டுக் காடுகளில் உயர்தெளிவு நிலவுயர மாதிரியைக் கொண்டே தடங்களை இடந்திருத்தும் முயற்சியை ஷ்லைக் குழுவினர் 2023-இல் வெளியிட்டனர். தீமையும் உண்டு. பிழைகள் தம்முள் உறவுடையவை ஆதலால், தடங்களின் எண்ணிக்கை கூடினால் பிழை தானே குறையும் என்னும் வழக்கமான ஆறுதல் இங்கே செல்லாது. ஒரு சிறு காட்டின்மீது இரண்டே பறப்புகள் கடந்திருந்தால், தடங்கள் நூறாக இருந்தாலும் இடப்பிழையைப் பொறுத்தவரை அவை இரண்டு அளவீடுகளுக்கு நிகர்.

தரக்குறி எதைச் சொல்கிறது

தரக்குறி அலைவடிவத்தைப் பற்றிய தீர்ப்பு. திரும்பிய ஒளி இரைச்சலுக்கு மேலே எழுந்ததா, தரை முகடு அடையாளம் காணப்பட்டதா, உணர்திறன் போதுமா என்பன போன்ற நிபந்தனைகளை ஒருங்கிணைத்து 1 அல்லது 0 என்று அது சொல்கிறது. அலைவடிவம் எந்த இடத்தைச் சேர்ந்தது என்பது பற்றி அது ஒன்றும் கூறாது. நலிவுக்குறி இருப்பிட, நோக்குநிலைத் தரவுகள் கெட்ட காலங்களைச் சுட்டும். அது 0 என்றால் வழக்கமான இடப்பிழை என்று பொருள். இடப்பிழை இல்லை என்று பொருளன்று. இவ்வேறுபாடு மறக்கப்படும்போது, ‘உயர்தரத் தடங்கள்’ என்னும் சொல்லாட்சி அலைவடிவத்தின் நற்சான்றை இடத்துக்கும் சேர்த்து வழங்கிவிடுகிறது.

உணர்திறன் என்னும் அளவு இன்னும் கவனத்துக்குரியது. ஓர் அலைவடிவத்தின் ஆற்றலையும் இரைச்சலையும் கொண்டு, எவ்வளவு அடர்ந்த விதான மூடாக்கின் ஊடாகவும் தரையை 90 விழுக்காடு வாய்ப்போடு கண்டறிய முடியும் என்று அது மதிப்பிடுகிறது. அது காட்டின் பண்பன்று, குறிகையின் பண்பு. ஆகவே 0.9 என்னும் வரம்பு தன்னளவில் நல்லதும் அன்று, கெட்டதும் அன்று. கீழே உள்ள காட்டோடு வைத்துத்தான் அதை மதிப்பிட முடியும். புல்வெளிக்கோ முட்புதர்க்காட்டுக்கோ 0.9 தேவைக்கு மிகுதி. மூடாக்கு 95 விழுக்காட்டைக் கடக்கும் மாறாப்பசுங்காட்டில், உணர்திறன் 0.92 கொண்ட துடிப்பு தரையைத் தொட்டிருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. தொடாதபோது கணிப்புமுறை விதானத்தின் நடுவே உள்ள ஒரு கிளையடுக்கைத் தரை என்று கொள்ளும். 35 மீட்டர் மரம் 20 மீட்டர் மரமாகப் பதிவாகும். தரக்குறி 1 என்றே நிற்கும். ஜெடியின் உயிர்த்திணிவுத் தரவுத்தொகுப்பை உருவாக்கிய லாரா டங்கன்சன் குழுவினர் வெப்பமண்டல மாறாப்பசுங்காடுகளுக்கு 0.98 என்னும் கடுமையான வரம்பைக் கொண்டது இதனால்தான். காட்டுக்குக் காடு வரம்பு மாற வேண்டும் என்பதைத் தரவை ஆக்கியோரே நடைமுறையில் ஒப்புக்கொண்டிருக்க, பயனாளர் எல்லாக் காட்டுக்கும் ஒரே எண்ணைப் படியெடுப்பது வியப்புக்குரியது.

வடிகட்டியின் பக்கச்சாய்வு

நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கருள் தலையானவர்க்கு அன்னத்தையும் கடையானவர்க்கு நெய்யரியையும் உவமைகளுள் வைக்கிறது. இரண்டும் பிரிப்பவையே. ஒன்று நீரை விலக்கிப் பாலைக் கொள்ளும். மற்றொன்று நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். நம் வடிகட்டி இவற்றுள் எது என்பதை, பிரித்தது என்ற அளவில் நின்று சொல்லிவிட முடியாது. எதைக் கைவிட்டது என்று பார்த்தே சொல்ல முடியும்.

பலரும் கூடுதலாகச் சேர்க்கும் ஒரு வடிகட்டியை எடுத்துக்கொள்வோம். ஜெடி கண்ட தரையுயரத்துக்கும் தரவோடு சேர்த்தே தரப்படும் டான்டெம்-எக்ஸ் நிலவுயரத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு வரம்பைக் கடந்தால் தடத்தை நீக்குவது வழக்கம். வரம்பு 50 மீட்டர் என்றால் மேகத்தில் பட்டுத் திரும்பிய துடிப்புகள் நீங்கும். அது தேவையான பணி. சிலர் துல்லியம் வேண்டி வரம்பை 10 மீட்டராகவோ அதற்கும் கீழாகவோ இறுக்குகின்றனர். இங்கேதான் வடிகட்டி நெய்யரியாகிறது. டான்டெம்-எக்ஸ் பயன்படுத்தும் எக்ஸ் அலைவரிசை ரேடார் அடர்ந்த விதானத்தை ஊடுருவித் தரையை அடைவதில்லை. அதன் ‘நிலவுயரம்’ உயரமான காட்டில் தரைக்குப் பல மீட்டர் மேலே, இலைத்திரளுக்குள் நிற்கும். உண்மையான தரையைச் சரியாகக் கண்ட ஜெடி துடிப்புக்கும் அதற்கும் வேறுபாடு பெரிதாகவே இருக்கும். ஆக, இறுக்கிய வரம்பு உயர்ந்த காட்டில் தரையைக் கண்ட துடிப்பைத் தள்ளிவிட்டு, விதானத்தின் நடுவில் போலித்தரையைக் கண்ட துடிப்பை ஏற்றுக்கொள்ளும். பிழை நீக்க வந்தது பிழையைத் தேர்ந்தெடுக்கிறது.

சரிவிலும் இதே கதை. 30 பாகை சரிவில் 25 மீட்டர் அகலத் தடத்தின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உயர வேறுபாடு 14 மீட்டருக்கு மேல். தரையிலிருந்து திரும்பும் ஆற்றல் அவ்வளவு உயரத்துக்குப் பரவி, முகடு தாழ்ந்து, இரைச்சலுக்குள் அமிழும். 10 மீட்டர் மரங்களின் எதிரொளியும் தரையின் எதிரொளியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அத்துடன் இடப்பிழையும் சேர்ந்துகொள்கிறது. அதே சரிவில் 10 மீட்டர் கிடைமட்டப் பிசகு என்பது ஏறத்தாழ 6 மீட்டர் உயர வேறுபாடு. அலைவடிவம் குற்றமற்றதாக இருந்தும், இடம் பிசகியதால் மட்டுமே ஒரு தடம் நிலவுயர ஒப்பீட்டில் தோற்கக்கூடும். சமவெளியில் அதே பிசகு கண்ணுக்கே தெரியாது. எனவே, காட்டை வடிகட்டுவதாக எண்ணிக்கொண்டு நாம் நிலவமைப்பை வடிகட்டிக்கொண்டிருக்கிறோம்.

பருவத்தின் பங்கைச் சுருக்கமாகவே குறிக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் கவிந்திருப்பதால் தப்பிப் பிழைக்கும் தடங்களில் வறண்ட மாதங்களின் பங்கு மிகும். முதுமலை போன்ற இலையுதிர்க் காடுகள் இலையற்று நிற்கும் காலம் அது. விதான உச்சியின் உயரம் இதனால் பெரிதும் மாறாது. இலைப்பரப்பு, மூடாக்கு, இடைநிலை உயர அளவுகள் மாறும். இலையுதிர்காலக் குறி தரவிலேயே இருந்தும் அதை எடுத்துப் பார்ப்போர் குறைவு.

உலக வரைபடங்கள் இரண்டு

பீட்டர் பொட்டபோவ் குழுவினர் 2021-இல் வெளியிட்ட உலக விதான உயர வரைபடம் ஜெடி அளவீடுகளை லாண்ட்சாட் படங்களோடு இணைத்து 30 மீட்டர் தெளிவில் அமைந்தது. அவர்கள் தம் வடிகட்டலை மறைக்கவில்லை என்பது பாராட்டுக்குரியது. முழுத்திறன் கற்றைகள், இரவுநேரத் துடிப்புகள், 0.9 உணர்திறன் ஆகியவற்றோடு, வெவ்வேறு கணிப்புமுறைகள் கண்ட தரையுயரங்கள் 2 மீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும் என்றும் விதித்தனர். கடைசி நிபந்தனை அறிவார்ந்தது. கணிப்புமுறைகள் தமக்குள் முரண்படும் இடத்தில் தரை ஐயத்துக்குரியது அல்லவா? ஆனால் முரண்பாடு மிகுவது செங்குத்துச் சரிவிலும் அடர்காட்டிலும்தான். பயிற்சித் தரவில் தட்டையான நிலமும் திறந்த விதானமும் மிகுந்திருக்க இந்நிபந்தனை வழிசெய்கிறது.

அவர்கள் தந்த சரிபார்ப்பு எண்களைப் படிக்கும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஒதுக்கிவைத்த ஜெடி தடங்களோடு ஒப்பிட்டபோது வர்க்கச் சராசரி மூலப் பிழை 6.6 மீட்டர், வான்வழி லிடாரோடு ஒப்பிட்டபோது 9.07 மீட்டர். இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். அதை முழுவதும் வடிகட்டலின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. ஆயினும் முதல் எண், பயிற்சித் தடங்கள் கடந்த அதே வாயிலைக் கடந்து வந்த தடங்களைக் கொண்டு கணக்கிடப்பட்டது. வாயிலுக்கு வெளியே நின்ற காட்டைப் பற்றி அது எதுவும் பேசாது. மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் முதல் எண்ணையே எடுத்தாள்கின்றனர் என்பது என் வாசிப்பில் பட்டது.

நிக்கோ லாங் குழுவினர் 2023-இல் வெளியிட்ட வரைபடம் சென்டினல்-2 படங்களைக் கொண்டு 10 மீட்டர் தெளிவை எட்டியது. 30 மீட்டருக்கு மேல் உயர்ந்த விதானம் நிலப்பரப்பில் 5 விழுக்காடே என்பதும், அதில் 34 விழுக்காடு மட்டுமே பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் உள்ளது என்பதும் அதன் பெயர்பெற்ற முடிவுகள். உயர்ந்த விதானங்களைக் குறைத்து மதிப்பிடும் போக்கை அவர்கள் அறிந்தே இருந்தனர். அதை ஈடுசெய்யப் பயிற்சியில் நிறைகளைச் சரிசெய்தனர். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஐயப்பாட்டளவும் தந்தனர். இவற்றை மறுப்பதற்கில்லை. என் ஐயம் தெளிவைப் பற்றியது. 25 மீட்டர் தடத்தின் பரப்பு 491 சதுர மீட்டர்; அது 10 மீட்டர் படப்புள்ளிகள் ஐந்துக்குச் சமம். இடப்பிழையோ ஒரு முழுப் படப்புள்ளி. அண்டைப் புள்ளியின் நிறத்தோடு இந்தப் புள்ளியின் உயரத்தைச் சேர்த்துக் கற்கும் எந்தக் கற்றல்முறையும் நடுவை நோக்கி ஒடுங்கும். தாழ்ந்தது சற்று உயரும், உயர்ந்தது சற்றுத் தாழும். புள்ளியியலில் இது பழைய செய்தி. நிறைகளைச் சரிசெய்வது அதன் விளைவைக் குறைக்கலாம், காரணத்தைத் தீர்க்காது. வரைபடத்தின் படப்புள்ளி 10 மீட்டர் என்பதாலேயே அதன் தகவலும் 10 மீட்டர் நுட்பமுடையது என்று கொள்வது பயனாளர் செய்யும் பிழை.

சோலைக்காடு என்னும் சோதனை

மேற்கூறிய சிக்கல்கள் ஓரிடத்தில் குவிவதைக் காண நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகியவற்றின் உயர்நிலங்கள் போதும். அங்கே சோலைகள் மலைமடிப்புகளில் திட்டுத்திட்டாக ஒதுங்கியிருக்க, சுற்றிலும் புல்வெளி விரிகிறது. பல இடங்களில் சீகை, கற்பூர மரத் தோட்டங்கள் அப்புல்வெளியை விழுங்கியுள்ளன. சோலைக்கும் புல்லுக்கும் இடையில் படிப்படியான மாற்றம் கிடையாது. சில அடிகளுக்குள் மூடிய விதானம் முடிந்து வெட்டவெளி தொடங்குகிறது.

ஒரு எக்டேர் பரப்புள்ள சோலையை வட்டம் என்று கொண்டால் அதன் ஆரம் 56 மீட்டர். தடம் முழுவதும் சோலைக்குள் விழ வேண்டுமானால் அதன் நடுப்புள்ளி விளிம்பிலிருந்து 12.5 மீட்டர் உள்ளே இருக்க வேண்டும். சோலையின் 61 விழுக்காட்டுப் பரப்பு அதற்குத் தகும். 10 மீட்டர் இடப்பிழைக்கும் இடம்விட்டால் தகும் பரப்பு 36 விழுக்காடாகச் சுருங்கும். 20 மீட்டருக்கு இடம்விட்டால் 18 விழுக்காடு. மெய்யான சோலைகள் வட்டமாக இல்லை. ஓடையைத் தழுவி நீண்டு நெளிபவை. அவற்றில் எஞ்சுவது இன்னும் குறைவாகவே இருக்கும்.

இங்கே ஆய்வாளருக்கு இரண்டு வழிகள். விளிம்பை ஒட்டிய தடங்களை நீக்கிவிடலாம். அப்போது சிறு சோலைகள் தரவிலிருந்தே மறையும், பெருஞ்சோலைகளும் தோட்டங்களும் மட்டும் எஞ்சும். சீகைத் தோட்டத்தின் நடுவே விழுந்த தடத்துக்கு விளிம்புச் சிக்கல் குறைவு ஆதலால், ‘நம்பகமான’ தரவில் அயல்மரத்தின் பங்கு கூடும். நீக்காமல் வைத்துக்கொண்டால் வேறொரு விளைவு நேரும். அது இருபுறமும் சமமாக இராது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 98 விழுக்காட்டு உயரம் மேலிருந்து எண்ணப்படுவது. புல்வெளி என்று வகுத்த ஒரு தடம் 10 மீட்டர் பிசகிச் சோலை விளிம்பின்மேல் விழுந்தால், ஓரிரு மரத்தலைகளே அதன் உயரத்தை 10, 15 மீட்டருக்கு ஏற்றிவிடும். சோலை என்று வகுத்த தடம் அதே அளவு புல்பக்கம் பிசகினாலும், மீதமுள்ள மரங்கள் உயரத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். உயரத்தில் புல்வெளியே அதிகம் பொய்க்கும். மூடாக்கிலும் உயிர்த்திணிவிலும் இரண்டும் பொய்க்கும். நிலப்பரப்பு முழுமைக்குமான சராசரி சரியாக இருக்கும்போதே வகைவாரிச் சராசரிகள் தவறாக இருக்கும் நிலை இது. புல்வெளியில் மரம் பெருகுகிறது என்றோ, சோலையின் கரிம இருப்பு இவ்வளவு என்றோ இத்தரவைக் கொண்டு எழுதும் ஆய்வு, அயல்மரங்களை அகற்றுவது, புல்வெளியை மீட்பது போன்ற முடிவுகளுக்குச் சான்றாகக் காட்டப்படும் என்பதால், இந்தப் பொய்ப்பு ஏட்டளவில் நிற்பதன்று.

செய்யத்தக்கது

இடத்தைத் திருத்திவிடலாமே என்று கேட்கலாம். பிரான்சில் செய்ததை இங்கே அப்படியே செய்ய உயர்தெளிவு நிலவுயர மாதிரி வேண்டும். பொதுவில் எளிதாகக் கிடைக்கும் கார்ட்டோசாட்-1 வழி மாதிரி இரட்டைப் படங்களிலிருந்து பெறப்பட்டது. காட்டில் அது தரையையன்றி விதானத்தின் மேற்பரப்பையே தொடர்கிறது. அதன் கட்ட அளவும் 10 மீட்டர் பிசகைப் பிடிக்கும் அளவுக்கு நுட்பமானதன்று. வான்வழி லிடார் கிடைக்கும் இடங்களில் திருத்தம் செய்யாமல் இருப்பதற்குச் சாக்கு இல்லை. கிடைக்காத இடங்களில் திருத்தம் நிகழ்ந்ததுபோல் எழுதாமல் இருப்பதே நேர்மை.

கூடுதல் தரவு எதுவும் இல்லாமலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு சுற்றுப்பாதையின் தடங்களையும் கூட்டாக எட்டுத் திசைகளில் 10 மீட்டர் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் பகுப்பாய்வை மீண்டும் ஓட்டி, முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று காட்டுவது. தடங்களைத் தனித்தனியே தற்போக்காக நகர்த்துவது இதற்கு ஈடாகாது. அப்போது பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, ஆட்டம் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். சோலையின் சராசரி உயரம் இச்சோதனையில் அரை மீட்டர் ஆடினால் முடிவு நிற்கும். 4 மீட்டர் ஆடினால் அவ்வெண்ணை வெளியிடுவதற்குமுன் சிந்திக்க வேண்டும்.

வடிகட்டலைப் பொறுத்தவரை, ஒற்றை வாக்கியத்தின் இடத்தில் ஓர் அட்டவணை வரவேண்டும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் முன்னும் பின்னும் தடங்கள் எத்தனை என்பதோடு, நீங்கியவை எந்தச் சரிவு வகுப்பில், எந்தக் காட்டு வகையில், எந்த மாதத்தில் இருந்தன என்பதும் அதில் இருத்தல் வேண்டும். வரம்புகளைத் தேர்ந்ததற்கான காரணம் காட்டின் மூடாக்கோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். ஆய்வேட்டில் இதற்கு இரண்டு பக்கம் போதும்.

இதில் காலத்தின் நெருக்கமும் உண்டு. பி அலைவரிசை ரேடார் கொண்ட ஐரோப்பிய பயோமாஸ் செயற்கைக்கோள் 2025 ஏப்ரல் 29 அன்றும், நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய நிசார் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தும் ஏவப்பட்டன. ரேடார் குறிகையைக் காட்டின் உயரமாகவோ உயிர்த்திணிவாகவோ மாற்ற ஒப்பீட்டுத் தரவு தேவை. களப்பகுதிகள் குறைந்த இந்திய மலைக்காடுகளில் அவ்விடத்துக்கு ஜெடி தடங்களே முதலில் எடுத்தாளப்படும் வாய்ப்பு மிகுதி. அப்போது லிடாரின் வடிகட்டல் ரேடார் வரைபடத்துக்குள் பெயரின்றிக் குடிபுகும். அத்தகைய ஆய்வு மதிப்பீட்டுக்கு வரும்போது, 20 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில் வடிகட்டலுக்குப் பின் எத்தனை தடங்கள் எஞ்சின என்னும் எண் அதில் தரப்பட்டுள்ளதா என்பதை மதிப்பீட்டாளர் முதலில் தேடிப் பார்க்கலாம்.